கிராமத்துப் பட்டறையில் உருவாகும் சிற்பம் யாருடையது? பெங்களூருவை விட்டு வெளியேறும் கலைஞர் தம்பதிகள் குறித்து ஒரு விளக்கம்

சிற்பம் பயின்ற கணவனும் மனைவியும் பெங்களூருவின் வாடகை வீட்டை விட்டுவிட்டு, கனகபுரா சாலையிலோ மாகடிப் பக்கமோ மாலூருக்கு அப்பாலோ சிறிது நிலம் வாங்கிப் பட்டறை அமைத்துக்கொண்ட செய்திகள் ஞாயிறு இணைப்பிதழ்களில் அவ்வப்போது வருகின்றன. அக்கட்டுரைகளில் பாறைக் குன்றுகளும் மாமரங்களும் மண் சுவர்களும் அழகாகப் படமாக்கப்பட்டிருக்கும். ஆனால் படிப்பவர் மனத்தில் எழும் கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. விவசாயி அல்லாதவர் கர்நாடகத்தில் விளைநிலம் வாங்க முடியுமா? வாங்கிய நிலத்தில் உலை வைக்கலாமா? இருவர் சேர்ந்து செதுக்கிய சிலையில் யார் பெயரைப் பொறிப்பது? இருவரும் மறைந்த பிறகு அந்த இடமும் அங்கிருக்கும் படைப்புகளும் யாரைச் சேரும்?

அல்சூர், சிவாஜிநகர், பிரேசர் டவுன் பகுதிகளில் தலைமுறைகளாக வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும், வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் கலைஞர்களும் இக்கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்கிறார்கள்: கர்நாடக எல்லைக்குள் வாங்குவதா, ஓசூரைத் தாண்டித் தமிழ்நாட்டில் வாங்குவதா?

ஒரு தம்பதிக்கு வாழ்க்கை ஒன்றாக இருக்கலாம். சட்டம் அதை நிலம், கட்டடம், பாறை, படைப்பு, படைத்தவர் பெயர் என்று துண்டு துண்டாகவே பார்க்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் ஆவணம் வேறு, அலுவலகம் வேறு. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் வழக்கறிஞரை வைத்துப் பார்ப்பவர்கள்கூடக் கடைசித் துண்டான பெயரை எழுதி வைப்பதில்லை. முதலில் தொலைவதும் அதுதான்; பெரும்பாலும் தொலைவது மனைவியின் பெயர்.

நகரத்தில் ஏன் முடியாது

ஓவியர் ஒருவர் மூன்றாம் மாடி அறையில் வாழ்நாள் முழுவதும் வேலை செய்துவிட முடியும். கல்லில் வேலை செய்பவருக்கு அது இயலாது. கருங்கல் ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 2.7 டன் எடை கொண்டது. ஆளுயரச் சிலை ஒன்றுக்கு ஆறடி நீளமும் இரண்டடி அகலமும் இரண்டடி கனமும் உள்ள பாளம் வேண்டுமென்றால் அதன் எடை சுமார் 1.8 டன். குடியிருப்புக் கட்டடங்களின் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் பளுவைத் தாங்கும்படி வடிவமைக்கப்படுவதே இந்தியத் தர விதி. அந்தப் பாளத்தைப் படுக்கவைத்தாலே தளத்தின் மீது அதைப்போல் எட்டு மடங்கு அழுத்தம் விழும். ஆகவே தரை மட்டத்தில் கெட்டியான தளமும், கிரேன் உள்ளே வந்து திரும்பும் அளவுக்கு முற்றமும், பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கவிட இரும்புச் சட்டமும் இல்லாமல் கல் வேலையைத் தொடங்கவே முடியாது.

அடுத்தது ஒலி. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை 45 டெசிபெல் என்பதே வரம்பு. கல்லை அறுக்கும் கிரைண்டர் மெஷின் அருகில் நிற்பவர் காதில் 100 டெசிபெல் அளவில் ஒலிக்கும். வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டிய தெருவில் இதற்கு வழியே இல்லை.

ஒலியைவிடக் கொடியது தூசி. கருங்கல்லில் கணிசமான பங்கு குவார்ட்ஸ் என்னும் படிக சிலிக்கா. உலர்ந்த நிலையில் அறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாக நுரையீரலுக்குள் இறங்கி சிலிகோசிஸ் என்ற நோயை உண்டாக்குகிறது. அந்நோய் வந்தபின் நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மருந்து கிடையாது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுப்பது, தகுந்த முகக்கவசம் அணிவது, வீட்டையும் பட்டறையையும் காற்றுப் போக்கைப் பார்த்துப் பிரித்துக் கட்டுவது ஆகிய மூன்றும் கட்டாயம். பட்டறையும் சமையலறையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீடு படத்தில் அழகாக இருக்கலாம்; அங்கே வளரும் குழந்தைக்கும் அதே தூசிதான்.

உலோக வார்ப்புக்கு வேறு வகையான இடம் வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உரு செய்து, அதன்மேல் மண் கட்டி, கம்பி சுற்றி, சூடேற்றி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய உலோகத்தை ஊற்றும் சுவாமிமலை முறையைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். செம்பு 1085 டிகிரி செல்சியசில் உருகும்; வெண்கலத்தை ஊற்றும்போது வெப்பநிலை 1100 டிகிரியை ஒட்டி இருக்கும். மண் அச்சில் சிறிது ஈரம் தங்கியிருந்தாலும் நீராவி அழுத்தத்தால் உலோகம் தெறிக்கும். எனவே மூடிய அறையிலோ, பிறர் நடமாடும் சந்திலோ இவ்வேலையைச் செய்யக் கூடாது. சுடுமண்ணுக்கு 900 முதல் 1000 டிகிரி வரை போதும் என்றாலும், விறகுச் சூளையின் புகைக்கு இடம் வேண்டும்.

பெங்களூருவைச் சுற்றியுள்ள நிலப்பகுதி சிற்பிகளை ஈர்ப்பதற்கு இன்னொரு காரணம் அங்குள்ள பாறைகள். ராமநகரம் குன்றுகள் சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல்லால் ஆனவை. புவியியலாளர்கள் அதற்கு அவ்வூரின் ஆங்கிலேயர் காலப் பெயரைக் கொண்டு குளோஸ்பேட் கிரானைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோலார் மாவட்டத்து மாலூர் வட்டாரத்தில் கூரை ஓடுகளும் செங்கல்லும் செய்ய உதவும் களிமண் உண்டு. அதே வட்டத்தில் உள்ள சிவாரப்பட்டணம் தலைமுறைகளாகச் சிற்பிகள் வாழும் ஊர். அயோத்தியில் 2024 ஜனவரியில் நிறுவப்பட்ட பாலராமர் சிலைக்கு மைசூருச் சிற்பி அருண் யோகிராஜ் பயன்படுத்திய ‘கிருஷ்ண சிலே’ என்னும் கரிய கல் மைசூரு மாவட்டத்திலிருந்து வந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கியாக வேண்டும். வாங்கிய நிலத்தில் பாறை இருந்தால் அதை விருப்பம்போல் உடைத்துச் சிலை செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடக் கல் சட்டப்படி சிறு கனிமம். சொந்த நிலமானாலும் அதை வெட்டியெடுக்கக் கனிம, புவியியல் துறையின் அனுமதி வேண்டும். ராயல்டி செலுத்த வேண்டும். லாரியில் ஏற்றினால் அதற்குரிய சீட்டும் வேண்டும். உரிமம் பெற்ற குவாரியிலிருந்து ரசீதோடு கல் வாங்குவதே சிற்பிக்குப் பாதுகாப்பான வழி.

நிலம்: யார் வாங்கலாம், அதில் என்ன செய்யலாம்

கர்நாடக நிலச் சீர்திருத்தச் சட்டம் 1961ஆம் ஆண்டினது. அதில் 1974இல் நடைமுறைக்கு வந்த 79அ, 79ஆ பிரிவுகள் விவசாயம் அல்லாத வருமானம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் உள்ளவர்களும் விவசாயி அல்லாதவர்களும் விளைநிலம் வாங்குவதைத் தடுத்தன. வருமான வரம்பு 2015இல் 25 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் திருத்தம் இப்பிரிவுகளை அடியோடு நீக்கியது. விவசாயிகள் சங்கங்கள் அதைக் கடுமையாக எதிர்த்தன. அத்திருத்தத்துக்குப் பின் ஒரு சிற்பியோ மென்பொருள் பொறியாளரோ தம் பெயரில் விளைநிலம் வாங்குவதற்குத் தொழில் ஒரு தடையாக இல்லை. தமிழ்நாட்டில் அத்தகைய தொழில்வாரித் தடை முன்பும் இருந்ததில்லை என்பதால், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளை நாடிச் சென்ற பெங்களூருக் கலைஞர்களுக்கு 2020க்கு முன்பு இருந்த முக்கியக் காரணம் இப்போது வலுவிழந்துவிட்டது. மும்பையில் வாழும் தமிழ்க் கலைஞர்களுக்கு நிலைமை வேறு: மகாராஷ்டிரத்தில் 1948ஆம் ஆண்டுக் குத்தகைச் சட்டத்தின்படி விவசாயி அல்லாதவர் அனுமதியின்றி விளைநிலம் வாங்க முடியாது.

வாங்கத் தடை இல்லை என்பதால் எந்த நிலத்தையும் வாங்கலாம் என்று பொருளாகாது. பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு அரசு வழங்கிய நிலத்தை அரசின் முன் அனுமதியின்றி விற்றால் அவ்விற்பனை செல்லாது என்று 1978ஆம் ஆண்டுக் கர்நாடகச் சட்டம் கூறுகிறது. அந்த நிலத்தை மீட்டு உரியவரிடமே ஒப்படைக்கும் அதிகாரம் உதவி ஆணையருக்கு உண்டு. அதற்குக் கால வரம்பு இல்லை என்று 2023இல் திருத்தமும் செய்யப்பட்டது. இது நிலமற்றவர்களுக்குக் கிடைத்த துண்டு நிலமும் கைமாறிப் போகாமல் காக்கும் நியாயமான சட்டம். விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிப் பட்டறை கட்டிய பின் நிலம் திரும்பப் போனால், இழப்பு முழுவதும் வாங்கியவருக்கு. பஹணி என்னும் கர்நாடக நிலப் பதிவேட்டையும் வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்தால் போதாது. நிலம் முதன்முதலில் யாருக்கு, எப்படி வந்தது என்ற மூல ஆவணத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது பயன்பாடு. விளைநிலத்தில் விவசாயத்துக்கான கட்டடமும், நிலப்பரப்பின் சிறு பகுதியில் பண்ணை வீடும் கட்டிக்கொள்ள 1964ஆம் ஆண்டு நில வருவாய்ச் சட்டத்தின் 95ஆம் பிரிவு இடமளிக்கிறது. உலையும் வெல்டிங் மேடையும் விற்பனைக் கூடமும் கொண்ட சிற்பப் பட்டறை விவசாயக் கட்டடம் ஆகாது. அதற்கு நிலப் பயன்பாட்டை மாற்றித் தருமாறு மாவட்டத் துணை ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்பதவி தமிழ்நாட்டு மாவட்ட ஆட்சியருக்கு இணையானது. கிராமப் பஞ்சாயத்தின் கட்டட அனுமதியும் தொழில் அனுமதியும் தனி. பம்புசெட்டுக்குக் கொடுக்கப்படும் மின் இணைப்பில் வெல்டிங் மெஷினை ஓட்டுவது முறைகேடு; மும்முனை மின்சாரம் அந்த இணைப்பில் நாள் முழுவதும் வருவதுமில்லை. மின் நிறுவனத்திடம் தொழிலுக்கான இணைப்பைத் தனியாகக் கேட்டுப் பெறுவதற்கான செலவை நிலத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

ஒரே வீடு, மூவகைக் கூட்டு

‘தம்பதியாகச் சிற்பம் செய்கிறார்கள்’ என்ற ஒரே தொடர், அடிப்படையில் வேறுபட்ட மூன்று முறைகளைக் குறிக்கிறது. இவ்வேறுபாட்டைக் கவனிக்காமல் பெயர் பற்றிய கேள்விக்கு விடை காண முடியாது.

முதல் வகையில் இருவரும் ஒரே இடத்தில் வாழ்ந்தாலும் படைப்புகள் தனித்தனி. சாந்திநிகேதனில் குடியேறிய சோம்நாத் ஹோரும் ரேபா ஹோரும் இதற்குச் சான்று. சிட்டகாங்கில் பிறந்த சோம்நாத், அச்சுக்கலையிலிருந்து 1970களில் வெண்கலத்துக்கு வந்து, பஞ்சமும் போரும் விட்டுச்சென்ற காயங்களை மெழுகுத் தகடுகளைக் கிழித்தும் ஒட்டியும் வார்த்தார். ரேபா ஓவியத்திலும் சுடுமண்ணிலும் தம் போக்கில் இயங்கினார். நமக்கு அருகில் புதுச்சேரியில் 1971இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய அமெரிக்கத் தம்பதி ரே மீக்கர், டெபோரா ஸ்மித் இருவரும் இவ்வகையினரே. மீக்கர் பெரிய சுடுமண் சிற்பங்களையும், கட்டி முடித்த வீட்டையே சூளையாக்கிச் சுடும் சோதனைகளையும் செய்தார். ஸ்மித் புழங்கும் பாண்டங்களின் வடிவத்தையும் தயாரிப்பையும் கவனித்தார். இடமும் தொழிலும் பொது. ஒவ்வொரு பொருளின் பின்னாலும் யார் இருக்கிறார் என்பதில் குழப்பமில்லை.

இரண்டாம் வகையில் படைப்புகள் தனித்தனியாகவும் பெயர் பொதுவாகவும் இருக்கும். பிரான்சில் கிளோத் லாலானும் பிரான்சுவா-சேவியர் லாலானும் 1967இல் பாரிசை விட்டு உரி என்ற கிராமத்துக்குச் சென்றார்கள். கணவர் தகடுகளை வளைத்தும் பற்றவைத்தும் விலங்குகளைச் செய்தார். மனைவி இலைகளின் மீது மின்முலாம் முறையில் செம்பு படியவைத்துச் சிற்பங்களை உருவாக்கினார். ஒரே பொருளை இருவரும் சேர்ந்து செய்தது குறைவு. ஆயினும் உலகம் அவர்களை லே லாலான் என்ற ஒரே பெயரில்தான் அறிந்தது.

மூன்றாம் வகை, பிரிக்க முடியாத கூட்டு. சிற்பி கிளாஸ் ஓல்டன்பர்க்கும் கலை வரலாற்றாளரான கூஸ்யே வான் பிரூகனும் 1977இல் மணம் புரிந்தனர். 1981 முதல் தங்கள் பொதுவெளிச் சிற்பங்களில் இருவர் பெயரையும் இட்டனர். கிறிஸ்டோ, ஜீன்-கிளாடு இணையர் இன்னும் தாமதித்தார்கள். பல பத்தாண்டுகள் கிறிஸ்டோவின் பெயரில் மட்டுமே அறியப்பட்ட வெளிப்புறப் படைப்புகள் அனைத்தும் இருவருடையவை என்று 1994இல்தான் அறிவித்தார்கள். அதற்குள் எத்தனையோ நூல்களிலும் அருங்காட்சியகப் பட்டியல்களிலும் ஒற்றைப் பெயரே அச்சாகியிருந்தது. உலகப் புகழ் பெற்றவர்களுக்கே இந்நிலை என்றால், மாலூர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வரைபடம் போடும் பெண்ணுக்கு அத்தகைய திருத்தத்தை வெளியிட மேடையே கிடைக்காது.

சட்டத்தின் பார்வையில் இருவர்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. ஒருவரின் பங்கை மற்றவரின் பங்கிலிருந்து பிரித்தறிய முடியாதபடி இருவரோ பலரோ ஒத்துழைத்து உருவாக்கியதே கூட்டுப் படைப்பு என்று அது வரையறுக்கிறது. களிமண் மாதிரியை இருவரும் மாறி மாறித் திருத்தி, கல்லிலும் அவ்வாறே செதுக்கியிருந்தால் அது கூட்டுப் படைப்பு. பங்குகளைப் பிரித்தறிய முடிந்தால் நிலைமை மாறுகிறது. நீக்கி த சான் பாலும் ஜான் டிங்குலியும் 1983இல் பாரிசில் அமைத்த ஸ்டிராவின்ஸ்கி நீரூற்றில் 16 உருவங்கள் உண்டு. வண்ண உருவங்கள் நீக்கியுடையவை, கரிய இயந்திர உருவங்கள் டிங்குலியுடையவை என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நம் சட்டத்தின் அளவுகோலை வைத்துப் பார்த்தால், அத்தகைய படைப்பில் ஒரே இடத்தில் நிற்கும் இருவரின் தனித்தனிச் சிற்பங்கள் இருப்பதாக வாதிடுவது கடினமல்ல. எனவே ‘நாங்கள் சேர்ந்துதான் செய்தோம்’ என்ற பொதுவான சொல் நீதிமன்றத்தில் போதாது; எந்தக் கட்டத்தில் யார் என்ன செய்தார் என்பதே கேட்கப்படும்.

இதிலிருந்து வரும் விளைவுகள்:

1. பதிப்புரிமை படைத்தவுடன் தானாகவே பிறக்கிறது, பதிவு கட்டாயமல்ல. ஆனால் கலைப்படைப்பு உருவானபோது அதில் யார் பெயர் இருந்ததோ அவரே படைத்தவர் என்று, மாறாக நிரூபிக்கப்படும்வரை, உரிமை மீறல் வழக்கில் நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று 55ஆம் பிரிவு கூறுகிறது. பீடத்தின் அடியில் பொறிக்கும் இரண்டு எழுத்து ஒரு சாட்சியம். அதில் விடுபட்டவர், தாம் படைத்தவர் என்று நிரூபிக்கும் சுமையைத் தாமே தூக்க வேண்டும்.

2. உரிமைக் காலம் படைத்தவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். கூட்டுப் படைப்பில் இருவரில் கடைசியாக மறைந்தவரின் ஆண்டே கணக்கு. கணவர் 2030இலும் மனைவி 2050இலும் மறைவதாக வைத்துக்கொண்டால், கணவரின் பெயர் மட்டும் உள்ள சிற்பத்தின் உரிமை 2090 முடிவோடு தீரும். இருவருடைய கூட்டுப் படைப்பாக இருந்தால் 2110 முடிவு வரை நிற்கும்.

3. பணம் கொடுத்துச் செய்யச் சொன்னவருக்கே உரிமை என்ற நம்பிக்கை சிற்பத்துக்குப் பொருந்தாது. புகைப்படம், ஓவியம், உருவப்படம், செதுக்கச்சு, திரைப்படம் ஆகியவற்றைப் பணம் கொடுத்துச் செய்வித்தால் செய்வித்தவரே முதல் உரிமையாளர் என்று 17ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. சிற்பம் அப்பட்டியலில் இல்லை. ஒரு தனியார் நிறுவனம் தன் வளாகத்துக்குச் சிலை செய்யச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில் சிலை நிறுவனத்துக்கும் பதிப்புரிமை சிற்பிக்கும் உரியவை. அரசுக்காகச் செய்யும்போது விதி வேறு.

4. உரிமையை எழுத்தில் மட்டுமே மாற்றிக்கொடுக்க முடியும். காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். கூட்டுப் படைப்பின் உரிமையை மாற்றிக்கொடுக்கும் பத்திரத்தில் இருவரும் கையெழுத்திட வேண்டும்.

5. உரிமையை விற்ற பிறகும் விலகாத இரண்டு உரிமைகளை 57ஆம் பிரிவு படைத்தவருக்கு அளிக்கிறது: தாமே படைத்தவர் என்று கோருவது, தம் மதிப்புக்குக் கேடு விளைவிக்கும் சிதைவை எதிர்ப்பது.

ஐந்தாவது கூறு வெறும் ஏட்டு உரிமை அல்ல என்பதைக் காட்டியவர் சிற்பி அமர்நாத் சேகல். புதுதில்லி விஞ்ஞான் பவனுக்காக 1957இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட, 140 அடி நீளமும் 40 அடி உயரமும் கொண்ட வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979இல் அவருக்குத் தெரிவிக்கப்படாமலே அகற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டது, பகுதிகள் சிதைந்தன. 1992இல் அவர் தொடுத்த வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் 2005 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. பதிப்புரிமை மத்திய அரசிடம் இருந்தாலும் சிற்பியின் உரிமை அழியவில்லை என்று கூறி, எஞ்சிய பகுதிகளை அவரிடமே திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் அது உத்தரவிட்டது. எல்லாப் படைப்பாளிகளுக்கும் இதே பாதுகாப்பு கிடைத்துவிடவில்லை. 2017இல் இடிக்கப்பட்ட ஹால் ஆஃப் நேஷன்ஸ் கட்டடம் தொடர்பாக அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவால் தொடுத்த வழக்கை அதே நீதிமன்றம் 2019இல் ஏற்கவில்லை. நிலத்தின் உடைமையாளர் கட்டடத்தை முழுமையாக இடிப்பதை வடிவமைத்தவர் தடுக்க முடியாது என்று கூறியது. பண்ணை வீட்டின் சுவரோடு சேர்த்துக் கட்டிய புடைப்புச் சிற்பமும், தனியே பீடத்தில் நிற்கும் சிலையும் விற்பனையின்போது ஒரே அளவு பாதுகாப்பாக இருக்குமா என்று தம்பதிகள் முன்கூட்டியே எண்ணிப்பார்க்க இவ்விரண்டு தீர்ப்புகளும் காரணம் தருகின்றன.

பெயர் எங்கே தொலைகிறது

மனைவியின் பெயரை நீக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடுவதில்லை. அது படிவங்களில் தொலைகிறது. ஜிஎஸ்டி பதிவு ஒரு பான் எண்ணின் மீது எடுக்கப்படுகிறது. பெரும்பாலும் அது கணவருடையது. விலைச்சீட்டு அவர் பெயரில் போகிறது. காட்சிக்கூடம் விலைச்சீட்டைப் பார்த்துப் பட்டியலை அச்சிடுகிறது. வாங்கியவர் பட்டியலைப் பார்த்துப் பெயர்ப்பலகை வைக்கிறார். அரசு வேலையானால் ஒப்பந்ததாரர் என்ற இடத்தில் ஒரே பெயர். பத்தாண்டுகளில் இக்காகிதங்கள்தான் வரலாறாகின்றன. உளி பிடித்தவரே சிற்பி, அளவு பார்த்து மாதிரி செய்து மெருகேற்றியவர் உதவியாளர் என்ற நம் சமூகத்தின் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. மெழுகு உருவில் விரல் வைத்தவரின் முடிவுதான் வெண்கலத்தில் நிற்கிறது என்பதைத் தொழில் அறிந்த எவரும் ஒப்புக்கொள்வார்.

இதற்கு வழி உண்டு. இருவரும் பங்காளிகளாக ஒரு நிறுவனத்தை 1932ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டத்தின்கீழ் பதிவுசெய்து, அதற்கெனத் தனிப் பான் எண் பெற்று, அதன் வழியே விற்கலாம். அசல் சிற்பங்களுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்திருப்பதால், முறையாகப் பதிவுசெய்து விற்பதில் முன்பிருந்த சுமையும் தளர்ந்துள்ளது. எந்த வழியை எடுத்தாலும் ஒவ்வொரு படைப்புக்கும் ஒரு பக்கக் குறிப்பு எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைப்பது நல்லது: எண்ணம் யாருடையது, வரைபடமும் மாதிரியும் யார் செய்தது, செதுக்கியதும் வார்த்ததும் யார், வேலை நடந்தபோது எடுத்த படங்கள் எங்கே உள்ளன. அன்பாக இருக்கும்போது எழுதுவது எளிது. பிரிவோ மரணமோ வந்த பின் எழுத முடியாது.

அதே குறிப்பில் ஊரார் பெயரும் இடம்பெற வேண்டும். சிவாரப்பட்டணம் போன்ற ஊர்களிலிருந்து கூலிக்கு வரும் கைவினைஞர், கொடுத்த மாதிரியை அப்படியே கல்லுக்கு மாற்றினால் சட்டப்படி கூட்டுப் படைப்பாளி ஆகமாட்டார். முகத்தையும் விரல்களையும் தம் சொந்தத் தீர்மானத்தால் வடித்திருந்தால் அவருடைய கோரிக்கைக்கு அடிப்படை உண்டு. மும்பைக் கலைஞர் நவ்ஜோத் அல்தாஃப் 1990களின் பிற்பகுதி முதல் பஸ்தாரின் கொண்டகாவ்ன் பகுதியில் பழங்குடிக் கலைஞர்களோடு பணியாற்றியபோது, அவர்களைப் பெயரில்லாத கைகளாக விடாமல் ராஜ்குமார், சாந்திபாய் என்று பெயர் சொல்லி உடன் நிறுத்தினார். நகரத்திலிருந்து போய் ஊர்க் கைகளால் வேலை செய்விக்கும் எவரும் பார்க்க வேண்டிய முன்னுதாரணம் இது. தண்ணீர் பற்றியும் இதே பொறுப்பு உண்டு. கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. 2018 முதல் பெங்களூருவின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரைக் கொண்டுதான் அங்குள்ள பல ஏரிகள் நிரப்பப்படுகின்றன. கல் அறுக்கும் தண்ணீரைத் தொட்டியில் தெளியவைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும்; அந்தக் குழம்பை ஏரிக் கால்வாயில் விடக் கூடாது.

இருவருக்கும் பின்

கலைஞர் தம்பதி விட்டுச்செல்லும் கிராமத்து இல்லத்துக்கு என்ன நேரும் என்பதற்குப் பெங்களூருவிலேயே பெரிய எடுத்துக்காட்டு உண்டு. ஓவியர் ஸ்வெதஸ்லாவ் ரோரிக்கும் அவர் மனைவி, திரைப்பட நடிகை தேவிகா ராணியும் கனகபுரா சாலையில் தாதகுணித் தோட்டத்தில் வாழ்ந்தார்கள். ஏறத்தாழ 470 ஏக்கர் நிலம், பிள்ளைகள் இல்லை. ரோரிக் 1993 ஜனவரியிலும் தேவிகா ராணி 1994 மார்ச்சிலும் மறைந்தனர். நிலத்தைத் தாங்கள் முன்பே கிரயம் பெற்றுவிட்டதாக ஒரு தனியார் நிறுவனம் கூறியது; 1996இல் கர்நாடக அரசு அத்தோட்டத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றிக் கையகப்படுத்தியது; வழக்கு உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு வரை சென்று, 2011 ஆகஸ்டில் அச்சட்டம் செல்லும் என்று முடிந்தது. தம்பதி மறைந்து 17 ஆண்டுகளுக்கு மேல் அவர்களது வீடு வழக்கில் கிடந்தது.

சிறு பட்டறைக்கும் இதே சிக்கல் வேறு வடிவில் வரும். உயில் எழுதாமல் மறையும் இந்துப் பெண்ணின் சுயசம்பாத்தியச் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் சேரும். அவர்கள் இல்லாவிட்டால் அவருடைய பெற்றோருக்கு முன்பாகக் கணவரின் வாரிசுகளுக்குச் செல்லும் என்று இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு கூறுகிறது. பிள்ளைகள் இல்லாத தம்பதியில் கணவருக்குப் பின் மனைவி மறைந்தால், அவர் பங்கு நிலமும் பதிப்புரிமையும் கணவரின் உடன்பிறந்தார் போன்ற வாரிசுகளின் கைக்குப் போகும். கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் வேறு வரிசையைத் தருகிறது. எவ்வகையினராயினும் இருவரும் தனித்தனி உயில் எழுதி, இரண்டு சாட்சிகள் கையெழுத்திடச் செய்வது இக்குழப்பத்தைத் தவிர்க்கும்.

இடமும் மாறிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியால் 1966இல் சென்னைக்கு வெளியே ஈஞ்சம்பாக்கத்தில் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தில் கலைஞர்கள் நிலம் வாங்கிச் சோழமண்டலம் என்னும் கலைஞர் குடியிருப்பை அமைத்தபோது அது கடற்கரைக் கிராமம். இன்று கிழக்குக் கடற்கரைச் சாலை நகரத்தின் ஒரு பகுதி. கனகபுரா சாலைக்கு மெட்ரோ ஏற்கெனவே வந்துவிட்டது. நிலத்தின் விலை படைப்புகளின் விலையைப் பல மடங்கு தாண்டும் நாளில், வாரிசுகள் நிலத்தை விற்க விரும்புவது இயல்பு. ஆகவே உயிலில் நிலம், செய்து முடித்த சிற்பங்கள், வரைபடங்கள், பதிப்புரிமை ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிட வேண்டும்.

அச்சுகளை அப்பட்டியலில் மறந்துவிடக் கூடாது. பதிப்புரிமைச் சட்டம் வார்ப்புகளையும் அச்சுகளையும் சிற்பத்தின் பகுதியாகவே கொள்கிறது. பட்டறை மூலையில் கிடக்கும் பிளாஸ்டர் அச்சும் ரப்பர் அச்சும் யார் கையில் இருக்கின்றனவோ அவரால் இருவரும் மறைந்த பிறகும் புதிய வெண்கலங்களை வார்த்துச் சந்தையில் விட முடியும். ஒவ்வோர் உருவிலிருந்தும் எத்தனை பிரதிகள் வார்க்கலாம், இதுவரை எத்தனை வார்க்கப்பட்டன, அவற்றில் இருவர் பெயரும் எங்கே பொறிக்கப்பட்டுள்ளன, எண்ணிக்கை முடிந்ததும் அச்சை உடைக்க வேண்டியவர் யார் என்பதை இருவரும் உயிரோடு இருக்கும்போதே எழுதி, ஒரு படியை வழக்கறிஞரிடமும் மற்றொன்றைப் பட்டறைக்கு வெளியே நம்பிக்கைக்குரிய ஒருவரிடமும் கொடுத்து வைக்க வேண்டும்.